குமரி மாவட்டத்தில் பனி நல்லதா, கெட்டதா?

வெண்பனி விழாத குமரி மாவட்டத்தில், பனிக்காலத்தைச் சிலர் விரும்புவதும் சிலர் அஞ்சுவதும் ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள்.

வெண்பனிக்கு வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டி இறங்க வேண்டும். நிலநடுக்கோட்டிலிருந்து 8 டிகிரி தள்ளி, கடலை ஒட்டிக் கிடக்கும் எங்கள் ஊர்களில் அது நடக்காது. இங்கே பனி என்றால் மார்கழி, தை மாதங்களின் பனித்துளியும் மூடுபனியும்தான்.

குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் வைத்திருப்பவர்களைக் கேளுங்கள். குளிர்ந்த விடியலில் இலைகள் நீரை அதிகம் வெளியேற்றாததால் பட்டைக்குள் அழுத்தம் கூடி, வெட்டிய இடத்தில் பால் நன்றாக ஓடும். அந்தக் குளிரில் பால் பிடிக்கக் கட்டிய சிரட்டை நிறைவதைப் பார்ப்பது தனி மகிழ்ச்சி!

ஆனால் அதே பருவத்தில்தான் ரப்பர் இலையுதிர்த்துத் துளிர்க்கிறது. தளிர்மேல் பனி தொடர்ந்து படிந்தால் சாம்பல் நோய் பற்றும். வெள்ளைப் பொடி பூத்ததுபோல இருக்கும். பிறகு இலை சுருண்டு உதிரும். மரம் மறுபடி துளிர்க்கத் தன் சேமிப்பைச் செலவழிப்பதால் பால் குறைகிறது. துளிர்க்கும்போதே கந்தகத் தூள் தூவுங்கள். நோய் முற்றிய பிறகு தூவிப் பெரிய பயனில்லை.

எனக்கு மார்கழிப் பனி பிடிக்கும். தளிர்மேல் விழும் தைப் பனியைக் கண்டால் இன்றும் வயிறு கலங்குகிறது.