அப்பா பள்ளியில் விடுகிறார்: சென்டா, டேக்கா?

கேள்வி: என் மகள் தொடக்கநிலை 4-இல் படிக்கிறாள். ஆங்கிலக் கட்டுரையில் ‘மை ஃபாதர் சென்ட்ஸ் மீ டு ஸ்கூல்’ என்று எழுதியிருந்தாள். அவள் அப்பாதான் தினமும் காரில் கொண்டுபோய் விடுகிறார். ஆசிரியர் ‘சென்ட்ஸ்’ஸைச் சுழித்து ‘டேக்ஸ்’ என்று திருத்திவிட்டார். “இங்கே எல்லாரும் அப்படித்தானே பேசுகிறோம்?” என்கிறார் என் கணவர். பிரிங், டேக், ஃபெட்ச் மூன்றிலும் அவள் தடுமாறுகிறாள். எப்படிப் புரியவைப்பது?
– ஒரு வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: ஆசிரியர் திருத்தியது சரி. உங்கள் கணவர் சொல்வதும் உண்மைதான். “சாங்கி வரைக்கும் சென்ட் பண்றேன்” என்றால் இங்கே யாருக்கும் குழப்பம் வராது. மலாயில் ‘ஹந்தார்’, சீனத்தில் ‘சோங்’, இரண்டுமே பொருளை அனுப்பவும் ஆளைக் கூட்டிப்போய் விடவும் பயன்படுகிற சொற்கள். அந்தப் பழக்கம் நம் ஊர் ஆங்கிலத்திலும் ஒட்டிக்கொண்டது. பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும், அதற்காகப் பிள்ளையைத் திட்டாதீர்கள்.

ஆனால் கட்டுரையில் கூடாது. ‘சென்ட்’ என்றால் அனுப்புகிறவர் கூடப் போவதில்லை. லண்டன்காரர் ஒருவர் அந்த வாக்கியத்தைப் படித்தால், அப்பா பிள்ளையைப் படிக்க வைக்கிறார் என்றுதான் நினைப்பார்; கார் அவர் கண்ணில் தெரியாது. ‘டேக்ஸ் மீ’ என்றால் அப்பா கூடவே போகிறார். ‘டிரைவ்ஸ் மீ’ என்று எழுதினால் காரும் தெரிந்துவிடும். எனக்குப் பிடித்தது அதுதான்.

தமிழ் பேசுகிற வீட்டில் இதைப் புரியவைப்பது சுலபம். ‘அனுப்பு’ வேறு, ‘கொண்டுபோய் விடு’ வேறு என்று அவளுக்கு ஏற்கெனவே தெரியும். பிரிங்குக்கும் டேக்குக்கும்கூட அதே வழிதான்: கொண்டு வா என்றால் பிரிங், கொண்டு போ என்றால் டேக். பாட்டியிடம் போனில் “வரும்போது முறுக்கு கொண்டு வர்றேன்” என்கிறோம் இல்லையா? ஆங்கிலத்திலும் அங்கே பிரிங்தான், கேட்பவர் இருக்கும் இடத்துக்கு வருகிறோம் என்பதால். நம் பிள்ளைகள் வழுக்குவது ‘எடுத்துட்டு வா’ என்பதில். ‘எடு’ காதில் விழுந்ததும் ‘டேக் அண்ட் கம்’ என்று எழுதிவிடுகிறார்கள். பல வருடம் தொடக்கப்பள்ளியில் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் நான், இதை எத்தனையோ நோட்டுகளில் திருத்தியிருக்கிறேன். கடைசியில் ‘வா’ இருந்தால் பிரிங் என்று சொல்லிக்கொடுங்கள்.

இன்று மாலையே செய்து பாருங்கள். நீங்கள் சமையலறையில், அவள் கூடத்தில், தண்ணீர் பாட்டில் அவள் கையில். உங்களிடம் வர வேண்டுமானால் பிரிங். அறையில் இருக்கும் அப்பாவிடம் போக வேண்டுமானால் டேக். பாட்டில் அவள் கையில் இல்லை, பள்ளிப் பையில் கிடக்கிறது; போய் எடுத்துக்கொண்டு உங்களிடம் திரும்ப வேண்டும் என்றால் ஃபெட்ச். வாயால் விளக்குவதைவிட இப்படி நடக்கவிட்டால் சீக்கிரம் பிடித்துக்கொள்வாள்.

அப்புறம், மதியம் பள்ளியிலிருந்து பிள்ளையை அழைத்து வருவதை நாம் ‘ஃபெட்ச்’ என்கிறோமே, அது நல்ல பிரிட்டிஷ் ஆங்கிலம். அதில் கை வைக்காதீர்கள். ‘ஃபெட்ச் ஹெர் டு ஸ்கூல்’ என்பதை மட்டும் திருத்துங்கள். காலையில் வீட்டிலிருந்து பள்ளிக்கு என்றால் டேக், பள்ளி விட்டதும் ஃபெட்ச்.