தேர்வுத்தாள் நனையும் அளவுக்கு உள்ளங்கை வியர்வை

தேர்வெழுதும்போது தாள் நனையும் அளவுக்கு உள்ளங்கை வியர்க்கிறது, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். பவுடர் உதவாது. முதலில் 20% அலுமினியம் குளோரைடு லோஷன் பற்றித் தோல் மருத்துவரிடம் கேளுங்கள். இரவு படுக்கும் முன் நன்றாக உலர்ந்த கையில் பூசி, காலையில் கழுவ வேண்டும். ஈரக்கையில் பூசினால் எரியும்.

பத்து வயதிலிருந்தே தாள் நனைகிறது, அப்பாவுக்கும் உண்டு என்கிறீர்கள். பெரும்பாலும் வியர்வைச் சுரப்பியைத் தூண்டும் நரம்புகளின் மிகைவேகம்தான். உடம்புச் சூடு காரணமில்லை, மோர் குடித்தெல்லாம் தீராது.

தூங்கும்போது கை உலர்ந்திருக்கிறதா என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். உலர்ந்திருந்தால் கவலை குறைவு. இரவில் உடம்பெல்லாம் நனைந்தாலோ எடை குறைந்தாலோ தைராய்டு, சர்க்கரை, காசநோய்ப் பரிசோதனை தேவை.

அப்புறம், நரம்பை வெட்டும் அறுவை சிகிச்சைக்கு அவசரப்படாதீர்கள். கை காயும், ஆனால் முதுகில் வியர்வை கொட்ட வாய்ப்பு அதிகம். அதற்கு முன் தண்ணீர்த் தட்டில் கையை வைத்து மெல்லிய மின்சாரம் செலுத்தும் அயன்டோபோரெசிஸ் இருக்கிறது.