எண்ணெய் ஒட்டாத பில்டர் எதற்கு?

கேள்வி: குரங்குச்சாவடி பக்கம் வாட்டர் வாஷ் கடை வைத்திருக்கிறேன். வண்டி கழுவிய தண்ணீரைத் திரும்பப் பயன்படுத்தலாம் என்று போட்ட மெம்பரேன் (நுண்துளைச் சவ்வு பில்டர்) சீக்கிரமே அடைத்துக்கொண்டது. இப்போது ஒருவர், எண்ணெயே ஒட்டாத மெம்பரேன் இருக்கிறது என்கிறார். எண்ணெயைப் பிடித்து வைப்பதுதானே பில்டரின் வேலை?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: இல்லைங்க, பிடித்து வைத்ததால்தான் உங்களுடையது அடைத்தது. பிவிடிஎப் மாதிரியான சாதாரண பிளாஸ்டிக் மெம்பரேன் பரப்புக்குத் தண்ணீரைவிட எண்ணெய்தான் பிடிக்கும், துளி வந்து உட்கார்ந்ததும் பரவித் துவாரத்தை மூடிவிடும். தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும் பரப்பாக இருந்தால் அதன் மேல் மெல்லிய நீர்ப்படலம் நிற்கும், எண்ணெய்த் துளி அந்தப் படலத்தில் பட்டுத் திரும்பிவிடும். சீன விஞ்ஞானி லெய் ஜியாங்கின் குழு 2009-ல் மீன் செதிலில் இதைக் கவனித்தது, 2011-ல் எவர்சில்வர் வலையில் தண்ணீரை உறிஞ்சி வைக்கும் ஹைட்ரோஜெல் பூசி, பம்ப் இல்லாமலே எண்ணெயைப் பிரித்தும் காட்டியது.

நம்பிக்கை இல்லையா? மேட்டூர் கட்லா வாங்கும்போது பெரிய செதில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். தண்ணீருக்குள் அமிழ்த்திப் பிடித்து, சிரிஞ்சால் அடியிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் உருண்டையாகவே நின்று நழுவும். அதே செதிலைக் காயவைத்து எண்ணெய் விட்டால் பரவி ஒட்டிக்கொள்ளும். மெம்பரேனும் அப்படித்தான், முதலில் நல்ல தண்ணீரில் நனைக்காமல் அழுக்குத் தண்ணீரைத் திறந்துவிட்டால் காசு போச்சு.

எண்ணெயை மட்டும் கடத்தும் டெப்லான் பூசிய வலையும் உண்டு, 2004-லேயே செய்துவிட்டார்கள். உங்கள் தொட்டிக்கு ஆகாது. தண்ணீர் கனம், அது கீழே இறங்கி வலைமேல் உட்கார்ந்துகொள்ளும், எண்ணெய் மேலேயே மிதந்து கிடக்கும்.

உங்கள் தொழிலில் நிஜமான வில்லன் ஷாம்பு. எண்ணெயை மைக்ரான் அளவுக்கு உடைத்துத் தண்ணீரில் கலக்கிவிடுகிறது, அது போதாதென்று எண்ணெய்க்கும் தண்ணீருக்கும் இடையிலுள்ள இழுவிசையையும் குறைக்கிறது, அதனால் கொஞ்சம் அழுத்தம் கொடுத்தாலே துளி நசுங்கித் துவாரம் வழியாக அந்தப் பக்கம் போய்விடும். தண்ணீர் மெதுவாக வருகிறதே என்று பம்பைக் கூட்டாதீர்கள். அப்புறம், மிதக்கிற எண்ணெயையும் சேற்றையும் தொட்டியிலேயே தேங்கவிட்டு எடுத்துவிடுங்கள், சேறு எந்தப் பூச்சையும் மதிக்காது. வாங்குமுன், டீசலும் குழாய்த் தண்ணீரும் கலந்து விற்பவர் காட்டும் டெமோவை நம்பாமல், உங்கள் கடைத் தொட்டித் தண்ணீரை ஒரு கேனில் கொடுத்து, அதை நாள் முழுக்க ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.