எம்பி3 கோப்பை வேவ் அல்லது ஃப்ளாக் வடிவத்துக்கு மாற்றினால் ஒலித்தரம் கூடுமா?

ஒலித்தரம் கூடுவதில்லை, கோப்பின் அளவுதான் கூடும். நொடிக்கு 128 கிலோபிட் வீதத்தில் அமைந்த 4 நிமிட எம்பி3 பாட்டு ஏறத்தாழ 4 மெகாபைட் (எம்பி) இருக்கும். அதையே குறுவட்டுத் தரத்தில், அதாவது இடம், வலம் என்ற இரு தடங்களிலும் நொடிக்கு 44,100 அளவீடுகளும் ஒவ்வொன்றுக்கும் 16 பிட்டும் கொண்ட, சுருக்கப்படாத வேவாக மாற்றினால் 42 எம்பி ஆகிவிடும். ஆனால் எம்பி3 ஆக்கும்போது காதுக்குப் புலப்படாது என்று கணக்கிட்டுக் கழித்த ஒலிகள் அந்த 42 எம்பிக்குள்ளும் இருக்காது. கறந்த பால் மடி புகாது, கருவாடு மீனாகாது என்பார்களே, அதே கதைதான்.

பாம்பனில் கரைவலை இழுத்த என் தாத்தா, வலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டுகள் சில, கடற்கரையிலேயே பதிவாகி ஒரு கேசட்டில் இருந்தன. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் கொடுத்து மாற்றியபோது, இடம் மிச்சமாகும் என்று 64 கிலோபிட் எம்பி3 ஆகத் தந்துவிட்டார்கள். தாத்தாவின் குரலுக்குப் பின்னே அலையோசை, உலை கொதிப்பதுபோலக் கொப்பளித்தது. காரணம் எளிது: ஒரே சுரம் நீண்டு ஒலிப்பதைச் சில பிட்டுகளில் அடக்கிவிடலாம், ஆனால் அலையின் இரைச்சலில் எல்லா அதிர்வெண்களும் ஒழுங்கின்றிக் கலந்திருப்பதால் அதற்கு நிறைய பிட்டுகள் வேண்டும், கொடுக்காவிட்டால் இரைச்சலும் கெடும், அதனோடு போட்டியிடும் குரலும் கெடும். வேவாக மாற்றியும் ஒலியைக் கூட்டிக் குறைத்தும் பார்த்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

கடைசியில் கேசட்டையே தேடி எடுத்தேன். அதன் ஐந்து திருகுகளும் உப்புக் காற்றில் துருப்பிடித்திருந்ததால், நாடாவை வேறொரு கேசட்டுக் கூட்டுக்குள் மாற்றி, ஆடாசிட்டி மென்பொருளில் வேவாகப் பதிந்து, ஃப்ளாக் ஆகச் சேமித்தேன். ஃப்ளாக் எதையும் கழிக்காமல் சுருக்குவது. வேண்டும்போது அதிலிருந்து அதே வேவை ஒரு பிட் பிசகாமல் மீட்கலாம். உறவினர்களுக்கு அனுப்ப அந்த மூலத்திலிருந்தே 192 கிலோபிட் எம்பி3 எடுத்தேன்.

ஆகவே, உங்களிடம் எம்பி3 மட்டுமே இருந்தால் அதை அப்படியே வைத்திருங்கள். எம்பி3-இலிருந்து ஏஏசி, ஏஏசியிலிருந்து ஓபஸ் என்று, எம்பி3 போலவே ஒலியைக் கழித்துச் சுருக்கும் வடிவங்களுக்கு மாற்றும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் இழப்பு நேரும். எம்பி4 காணொளியிலிருந்து ஒலியை மட்டும் பிரிக்க வேண்டுமானால், எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் மறுபடி சுருக்காமல் நகலெடுக்கும் வசதி உண்டு. உள்ளிருக்கும் ஏஏசி ஒலி மாறாமல் எம்4ஏ கோப்பாக வந்துவிடும்.

யாராவது ஃப்ளாக் என்று கொடுத்தால் ஆடாசிட்டியில் அதன் நிறமாலைக் காட்சியை, அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறது என்று காட்டும் படத்தை, திறந்து பாருங்கள். 16 கிலோஹெர்ட்சுக்கு மேல் கத்தியால் வெட்டியதுபோல் வெறுமையாக இருந்தால், அது பெரும்பாலும் எம்பி3-இலிருந்து மாற்றியதாகத்தான் இருக்கும்.