குளிரில் குமிழ் வராத ஈஸ்ட் பாட்டில்: சிலிண்டர் வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி: குன்னூரில் இருக்கிறோம். வீட்டில் இரண்டடி மீன் தொட்டி, 60 லிட்டர் தண்ணீர். ரோட்டாலா, கிரிப்டோகோரின், ஜாவா ஃபெர்ன் செடிகள் உள்ளன. செடிகள் வளர, சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்ட பாட்டிலிலிருந்து கரியமில வாயு விடுகிறேன். ஏப்ரல், மே மாதங்களில் நன்றாக வேலை செய்தது. குளிர் வந்ததும் குமிழ் குறைந்துவிட்டது. இலை ஓரங்களில் கறுப்பு முடி போலப் பாசி வேறு. கரியமில வாயு சிலிண்டர் வாங்கிவிடலாமா?

பதில்: ஈஸ்ட் ஓர் உயிர். 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில்தான் அது சுறுசுறுப்பாகச் சர்க்கரையைத் தின்று வாயுவை விடும். குன்னூரின் டிசம்பர் இரவில் அது கிட்டத்தட்ட உறங்கிவிடும்; பகலில் கொஞ்சம் வெயில் பட்டால் மறுபடி எழும். பாட்டிலுக்குத் துணி சுற்றுவதாலோ வெந்நீரில் நிறுத்துவதாலோ இது சரியாகாது. வாயு குறைவாக இருந்தால்கூடச் செடி சமாளித்துக்கொள்ளும். இன்று நிறைய, நாளை கொஞ்சம் என்று மாறிக்கொண்டே இருந்தால்தான் நீங்கள் சொல்லும் கறுப்புப் பாசி கிளம்பும். பிடித்த இலையை வெட்டி எடுத்துவிடுங்கள், தேய்த்தால் போகாது.

சரி, சிலிண்டர் வாங்கும் முன் விளக்கைப் பாருங்கள். செடிக்கு எவ்வளவு வாயு தேவை என்பதை முடிவு செய்வது வெளிச்சம். ஜாவா ஃபெர்னும் கிரிப்டோகோரினும் தனியாக வாயு விடாமலே வளரும். குளிர்ந்த தண்ணீரில் செடிகள் மெதுவாகத்தான் வளரும், அதனால் தேவையும் குறைவு. ஈஸ்ட் பாட்டிலைக் கழற்றிவிட்டு, விளக்கை ஒரு நாளைக்கு ஆறு மணி நேரமாகக் குறைத்து ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். பச்சை ரோட்டாலா இலைகளுக்கு இடையே கொஞ்சம் இடைவெளி விட்டு வளரும், அவ்வளவுதான். மலையில் தொட்டி வைத்திருக்கும் பலருக்கு இதுவே போதும் என்பது என் கருத்து.

சிவப்பு ரோட்டாலா வேண்டும், தரை முழுக்கப் பச்சைக் கம்பளம் வேண்டும் என்றால் வாயு தேவை. 60 லிட்டருக்குச் சிட்ரிக் அமிலமும் சமையல் சோடாவும் கலக்கும் முறை போதும். இது வெறும் வேதிவினை என்பதால் குளிர் அவ்வளவாகத் தடுக்காது. எடைக் கணக்கில் மூன்று பங்கு அமிலத்துக்கு நான்கு பங்கு சோடா சரியாக இருக்கும். பேக்கிங் பவுடர் வேண்டாம். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டில்களுக்குத் தடை இருப்பதால் இதற்கென்றே வரும் எஃகுக் குடுவையை வாங்குங்கள். கண்ணாடி பாட்டிலில் ஒருபோதும் செய்யாதீர்கள், அழுத்தத்தில் வெடிக்கும்.

பெரிய தொட்டிக்குத்தான் சிலிண்டர். தீயணைப்பான் சிலிண்டரைக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள் என்று அப்படியே வாங்கி மாட்டாதீர்கள். அதில் அடிவரை போகும் குழாய் ஒன்று இருக்கும். வாயுவுக்குப் பதில் திரவமே மேலே ஏறி ரெகுலேட்டரைக் கெடுத்துவிடும். சிலிண்டர் எப்போதும் நின்றபடி இருக்க வேண்டும். குளிருக்குச் சாத்தியே கிடக்கும் சின்னப் படுக்கையறையில் வைக்க வேண்டாம். மின்சாரம் போனால் தானாக மூடிக்கொள்ளும் வால்வு உள்ள ரெகுலேட்டராகப் பார்த்து வாங்குங்கள். மழைக்காலத்தில் ஃபில்டர் நின்றுபோய் வாயு மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் மீன்களுக்கு ஆபத்து.

அடுத்து அளவு. இலக்கு லிட்டருக்குச் சுமார் 30 மில்லிகிராம். இதைக் காட்ட, தொட்டிக்குள் ஒட்டும் சின்னக் கண்ணாடிக் குமிழ் ஒன்று கிடைக்கும், டிராப் செக்கர் என்பார்கள். உள்ளே நீலம் என்றால் வாயு குறைவு, பச்சை சரி, மஞ்சள் அதிகம். மலைக்காரர்கள் இதில்தான் ஏமாறுகிறார்கள். அந்தக் குமிழுக்குள் நிறம் காட்டும் சொட்டுடன், கார்பனேட் கடினத்தன்மை (தண்ணீரில் கரைந்துள்ள கார்பனேட், பைகார்பனேட் உப்புகளின் அளவு; இதையும் டிகிரியில்தான் சொல்வார்கள்) 4 டிகிரி உள்ள திரவத்தை ஊற்ற வேண்டும். அவசரத்துக்குத் தொட்டித் தண்ணீரையே ஊற்றினால் தப்பாகக் காட்டும். நம் ஓடைத் தண்ணீர் மிக மென்மையானது, கடினத்தன்மை 1 டிகிரிதான் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தண்ணீர் வெறும் 7 அல்லது 8 மில்லிகிராம் வாயுவுக்கே பச்சையாகி, இன்னும் கொஞ்சம் கூடினால் மஞ்சளாகும். அதைப் பார்த்துப் பயந்து வாயுவைக் குறைப்பார்கள், செடி பட்டினி கிடக்கும். அளவு மாற்றினால் நிறம் மாற இரண்டு மணி நேரமாவது ஆகும், பொறுத்துப் பாருங்கள். தண்ணீரின் கடினத்தன்மையையே ஒரு டிகிரி கூட்ட நினைத்தால் 60 லிட்டருக்கு 2 கிராமுக்குச் சற்றுக் குறைவான சமையல் சோடா போதும். ஒரே நாளில் போடாமல் இரண்டு மூன்று நாளாகப் பிரித்துப் போடுங்கள்.

உயரத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். சுமார் 1,850 மீட்டரில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். 20 டிகிரித் தண்ணீர் சென்னையில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் பிடித்தால் குன்னூரில் சுமார் 7தான் பிடிக்கும். நொடிக்கு இத்தனை குமிழ் வாயு விடலாம் என்று சமவெளிக்காரர்கள் சொல்லும் கணக்கை அப்படியே பின்பற்றினால் மீன்கள்தான் முதலில் திணறும். ஃபில்டர் தண்ணீர் மேற்பரப்பை லேசாக அசைத்துக்கொண்டே இருக்கட்டும்.

விளக்குப் போடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு வாயுவைத் திறந்து, அணைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு மூடுங்கள். இரவில் செடிகளும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும். வாயுவைக் கூட்டுவதாக இருந்தால் நீங்கள் வீட்டில் இருக்கும் விடுமுறை நாளில் கூட்டுங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் அப்போதே வாயுவை நிறுத்தி, காற்று மோட்டாரைப் போட்டு, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றிவிடுங்கள். புதுத் தண்ணீர் தொட்டியின் வெப்பத்திலேயே இருக்கட்டும். டிசம்பர் காலைக் குழாய்த் தண்ணீரை நேராக ஊற்ற வேண்டாம்.