அண்ணாச்சி, ஆப்பிரிக்காவில் தத்துவம் படித்தால் என்ன வேலை?

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

வணக்கம். வியாழக்கிழமை நீங்கள் போன் செய்தபோது கடையில் நல்ல கூட்டம் போல. நடுவில் யாருக்கோ துவரம் பருப்பு நிறுத்துக் கொடுத்துக்கொண்டே என்னிடம் ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டீர்கள். "எம் மக தத்துவம் படிக்கப் போறேன்னு சொல்லுதா. அதுவும் ஆப்பிரிக்காவுல போயி. படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" அந்தச் சத்தத்தில் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

முதலில் நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பட்டத்தின் பெயரைப் போட்டு 'ஆட்கள் தேவை' விளம்பரம் வராது. ஆனால் அந்தப் படிப்பு படித்தவர்கள் உட்காருகிற நாற்காலிகள் சில இருக்கின்றன. எந்த நாற்காலி என்று முடிவு செய்யாமல் கிளம்பினால் பணமும் போகும், இரண்டு மூன்று வருஷமும் போகும்.

உங்கள் மகள் அனுப்பிய பாடத்திட்டத்தைப் படித்துப் பார்த்தேன். தத்துவம் என்றதும் நீங்கள் நினைக்கிற மோட்சமும் மாயையும் அதில் இல்லை. தண்டனை, நிலம், மருந்து, தரவு இவைதான் பாடம். ஆப்பிரிக்காவில் இன்றைக்கு நடக்கிற வழக்குகளையும் சண்டைகளையும் எடுத்துக்கொண்டு, எது நியாயம், ஏன் நியாயம் என்று காரணத்தோடு வாதாடப் பழகுவது. ஒரு உதாரணம் சொன்னால் சட்டென்று பிடிபடும்.

தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்த மறுவருஷம், 1995 ஜூன் 6 அன்று, அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் மரண தண்டனையை ரத்து செய்தது. கொலைக் குற்றவாளிகள் இரண்டு பேரின் வழக்கு அது. மக்களில் பெரும்பாலோர் தூக்கு வேண்டும் என்ற மனநிலையில்தான் இருந்தார்கள். மக்கள் கருத்து நீதிமன்றத்தின் வேலையைச் செய்ய முடியாது என்று அதன் தலைவரான நீதிபதி சஸ்கால்சன் எழுதினார். பதினொரு நீதிபதிகளும் ஒருமனதாகக் கொடுத்த அந்தத் தீர்ப்பில், பலர் 'உபுண்டு' என்ற சொல்லை எடுத்துப் பேசினார்கள். (கம்ப்யூட்டர் படித்த பையன்களிடம் கேட்டால் அது ஒரு இயங்குதளத்தின் பெயர் என்பார்கள். பெயர் இங்கிருந்து போனதுதான்.) உபுண்டு என்றால் மனிதத்தன்மை. அதை விளக்க அந்நாட்டுச் சூலு மொழியில் ஒரு பழமொழி உண்டு: 'உமுண்டு ங்குமுண்டு ங்கபண்டு'. மனிதர்களால்தான் ஒரு மனிதன் மனிதனாகிறான் என்று பொருள். ஊர்ப் பாட்டிகள் சொல்லிவந்த வாக்கு, பழிவாங்குவது வேண்டாம் என்று இடைக்கால அரசியல் சாசனத்தின் கடைசிப் பகுதியில் ஏறி, அங்கிருந்து தீர்ப்புக்குள் வந்துவிட்டது.

சரி, பழமொழியை வைத்துத் தீர்ப்பு எழுதலாமா? யாருடைய பழமொழி? வெள்ளையர், இந்திய வம்சாவளியினர் எல்லாரையும் அது கட்டுமா? 1996இல் வந்த நிரந்தர அரசியல் சாசனத்தில் அந்தச் சொல் இல்லை. அப்புறமும் நீதிபதிகள் ஏன் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்? இதுதான் அந்த வகுப்பில் நடக்கும் விவாதம். நல்ல மார்க் வாங்குகிற பிள்ளை உபுண்டுவைப் புகழ்ந்து எழுதுகிற பிள்ளையாக இருக்காது. கானா நாட்டுத் தத்துவவாதி குவாமே ஜெச்சி இதில்தான் பெயர் வாங்கினார். மனிதனை ஆக்குவது சமூகம்தான் என்று நைஜீரியாவின் மென்கிட்டி அழுத்தமாகச் சொல்லியிருந்தார். ஜெச்சி அதைப் படித்துவிட்டு, சமூகம் முக்கியம்தான், ஆனால் தனி மனிதனுக்குச் சமூகத்தையே எதிர்த்துக் கேட்கிற உரிமையும் உண்டு என்றார். நம்மூரில் 'ஊர் என்ன சொல்லும்' என்பதை வைத்து எத்தனை வீட்டில் எத்தனை சண்டை! அதே சண்டைதான். அவர்கள் நூலாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

ருவாண்டாவைப் பாருங்கள். 1994இல் நடந்த இனப்படுகொலையில், சுமார் நூறு நாளில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். கொன்றவர்களில் பலர் பக்கத்து வீட்டுக்காரர்கள். பிறகு சிறைகளில் லட்சத்துக்கும் மேற்பட்டோர் அடைபட்டுக் கிடந்தார்கள். இருந்த நீதிபதிகளை வைத்து அத்தனை வழக்கையும் நடத்த ஒரு ஆயுள் போதாது. அதனால் 'கச்சாச்சா' என்ற பழைய ஊர்மன்ற முறையைத் தூசி தட்டி எடுத்தார்கள். புல்தரையில் உட்கார்ந்து வழக்குப் பேசுவதால் வந்த பெயர். 2002இல் தொடங்கி 2012இல் முடிப்பதற்குள், சுமார் 12 ஆயிரம் ஊர்மன்றங்கள் 19 லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகளைப் பார்த்தன. தீர்ப்புச் சொன்னவர்கள் ஊரார் தேர்ந்தெடுத்த சாதாரண மனிதர்கள். குற்றம் சாட்டப்பட்டவருக்கு வக்கீல் கிடையாது. ஆட்சியைப் பிடித்த படையினர் செய்த கொலைகள் அங்கே விசாரிக்கப்படவும் இல்லை. ஆலமரத்தடிப் பஞ்சாயத்தும் கட்டப்பஞ்சாயத்தும் எங்கே பிரிகின்றன என்று தெரிந்த நம் பிள்ளைகளுக்கு இந்தப் பாடம் லேசில் பிடிபடும். இதை நான் ஒரு பலமாகவே பார்க்கிறேன்.

ருவாண்டா என்றதும் ஒரு பெண்மணியைச் சொல்லாமல் இருக்க முடியாது. நவி பிள்ளை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் 1941இல் பிறந்த தமிழ் வம்சாவளி. அப்பா பேருந்து ஓட்டுநர். ருவாண்டாவுக்கான சர்வதேசத் தீர்ப்பாயத்தில் நீதிபதியாக இருந்தார். 1998இல் அக்காயேசு என்ற ஊர்த்தலைவரின் வழக்கில், இனப்படுகொலைக் குற்றத்துக்காக ஒரு சர்வதேச நீதிமன்றம் முதன்முதலாகத் தண்டித்தபோது, பாலியல் வன்முறையும் இனப்படுகொலைச் செயலாகலாம் என்று தீர்ப்பளித்த மூவரில் அவர் ஒருவர். பின்னால் ஐ.நா. மனித உரிமை ஆணையராக 2008 முதல் 2014 வரை இருந்தார். உங்கள் மகள் சுவரில் ஒட்டி வைத்திருப்பது அவர் படம்தான் என்று நீங்களே சொன்னீர்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: அவர் படித்தது சட்டம்.

இதை ஏன் இழுக்கிறேன் என்றால், தத்துவம் ஒற்றைக் காலில் நிற்காது. கூட ஒரு கால் வேண்டும். சட்டம், மருத்துவ ஆராய்ச்சி, தரவு இவற்றில் ஒன்று.

எனக்குப் பிடித்தது மருத்துவ ஆராய்ச்சி. காரணம் சொல்கிறேன். தெற்கு ஆப்பிரிக்காவின் கலகாரிப் பாலைவனத்தில் சான் என்ற பழங்குடிகள் இருக்கிறார்கள். வேட்டைக்குப் போகும்போது பசியும் தாகமும் தெரியாமல் இருக்க 'ஹூடியா' என்ற கள்ளிபோன்ற செடியை மெல்லுவார்கள். தென்னாப்பிரிக்க அரசு ஆய்வு நிறுவனம் 1990களில் அந்தச் செடிச் சத்துக்குக் காப்புரிமை வாங்கியது. சான் மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சத்தம் எழுந்த பிறகு, 2003இல் லாபத்தில் பங்கு தர ஒப்பந்தம் போட்டார்கள். கடைசியில் அந்த எடைகுறைப்பு மருந்து சந்தைக்கு வந்த பாடில்லை, பணமும் பெரிதாக வரவில்லை. ஆனால் சான் மக்கள் சும்மா இருக்கவில்லை. எங்களை ஆராய வருகிறவர்கள் இப்படித்தான் நடக்க வேண்டும் என்று 2017இல் தாங்களே ஒரு நெறிமுறை எழுதி வெளியிட்டார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை, முறைப்படி அனுமதி கேட்பது என்று ஐந்தே தலைப்பு. பேராசிரியர்கள் எழுதுகிற நெறிமுறைகளைவிட எளிதாகப் புரியும்.

நைஜீரியாவின் கனோ நகரில் 1996இல் மூளைக்காய்ச்சல் பரவியபோது, ஃபைசர் நிறுவனம் இருநூறு குழந்தைகளை வைத்துப் புதிய மருந்தைச் சோதித்தது. பதினொரு குழந்தைகள் இறந்தன. இது சோதனை என்று பெற்றோருக்குச் சொன்னார்களா என்பதே பல வருஷ வழக்கானது. 2009இல் கனோ மாநில அரசுடன் 7.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது.

இந்த மாதிரிச் சம்பவங்களுக்குப் பிறகுதான் உலகம் முழுக்க நெறிமுறைக் குழுக்களுக்கு, அதாவது ஆராய்ச்சி நியாயமாக நடக்கிறதா என்று பார்க்கிற குழுக்களுக்கு, மரியாதை கூடியது. நம் நாட்டிலும் 2019ஆம் வருஷ மருந்துச் சோதனை விதிகளின்படி, சோதனை நடத்துகிற ஆஸ்பத்திரிக்கு நெறிமுறைக் குழு கட்டாயம். குறைந்தது ஏழு பேர். டாக்டர்கள், சட்டம் தெரிந்தவர், பொதுஜனத்தில் ஒருவர் என்று பட்டியல் போகிறது. அதில் ஒரு இடம் சமூக அறிவியலாளர், தொண்டு நிறுவனப் பிரதிநிதி, தத்துவவாதி போன்றோருக்கு. ஆமாம் அண்ணாச்சி, விதியிலேயே 'தத்துவவாதி' என்று இருக்கிறது. ஆனால் குழு உறுப்பினருக்கு மாதச் சம்பளம் கிடையாது, கூட்டத்துக்கு இவ்வளவு என்று ஏதோ கொடுப்பார்கள். சம்பளம் அந்தக் குழுவின் அலுவலகத்தை நடத்துகிறவருக்கும், ஆராய்ச்சி நிறுவனங்களில் ஒப்புதல் படிவம் முதல் கண்காணிப்பு வரை பார்க்கிறவருக்கும் உண்டு. மகளை அந்தப் பக்கம் பார்க்கச் சொல்லுங்கள்.

தரவுப் பக்கமும் வளர்கிறது. கென்யாவின் நைரோபியில் உட்கார்ந்து, சமூக ஊடகங்களில் வருகிற கொடூரக் காணொளிகளைப் பார்த்துப் பார்த்து நீக்குகிற இளைஞர்கள், மனநலம் கெட்டுவிட்டது என்று 2022 முதல் நீதிமன்றம் ஏறியிருக்கிறார்கள். செயற்கை நுண்ணறிவுக்கு ஆப்பிரிக்க ஒன்றியம் 2024இல் ஒரு கொள்கையே வகுத்தது. ஆனால் இந்தத் துறையில் இன்று இருக்கிற பதவிப் பெயர் நாளை இருக்குமா என்று எனக்குச் சந்தேகம். அதை மட்டும் நம்பி யாரையும் அனுப்பமாட்டேன்.

இனி செலவு. இங்கேதான் நான் ஒரு தடவை தவறு செய்திருக்கிறேன். சில வருஷம் முன்னால் ஒரு பையனை, வெளிநாட்டுப் பெயர் பெரிதாக இருக்கிறதே என்று நானே தைரியம் சொல்லி அனுப்பினேன். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன். படிப்பு நல்லபடியாக முடிந்தது, வேலைதான் இல்லை. அவன் அப்பா என்னை ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதனால் சில விஷயங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவில் மூன்று வருஷ இளங்கலைக்கு மேல் 'ஆனர்ஸ்' என்று தனியாக ஒரு வருஷம், அதற்கு மேல்தான் எம்.ஏ. நம்மூர் மூன்று வருஷ பி.ஏ. வைத்திருப்பவரை நேராக எம்.ஏ.வில் சேர்ப்பார்களா, ஆனர்ஸ் படிக்கச் சொல்வார்களா என்று பல்கலைக்கழகத்திடமே எழுத்தில் கேட்க வேண்டும். ஒரு வருஷச் செலவு அதில் அடங்கியிருக்கிறது. அங்கே கல்வியாண்டு பிப்ரவரி வாக்கில் தொடங்கும். நம் ஜூன் கணக்கில் இருந்தால் தேதி தவறிவிடும். ஆப்பிரிக்கா என்ற பெயரில் வருகிற பெரிய உதவித்தொகைகள் பலவும் ஆப்பிரிக்கக் குடிமக்களுக்கானவை. வெளிநாட்டுப் படிப்புக்கு ஏற்பாடு செய்கிற முகவர் 'ஸ்காலர்ஷிப் கிடைக்கும்' என்று பொதுவாகச் சொன்னால், எது, இந்தியருக்கு உண்டா என்று விதியைக் காட்டச் சொல்லுங்கள்.

என்னைக் கேட்டால், முதல் பட்டத்துக்கு மேல் உள்ளதை இங்கேயே படிக்கட்டும் என்பேன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவத்துறை இருக்கிறது. தில்லிப் பல்கலைக்கழகம், மும்பைப் பல்கலைக்கழகம், தில்லியிலேயே இருக்கிற ஜே.என்.யூ. (ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்) மூன்றிலும் ஆப்பிரிக்க ஆய்வுகளுக்கென்றே தனித்துறை உண்டு. தத்துவத்தில் நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதி ஜே.ஆர்.எஃப். (ஆராய்ச்சி மாணவர் உதவித்தொகை) கிடைத்தால் மாதம் 37 ஆயிரம் ரூபாய்; ஆராய்ச்சிக்காக ஆப்பிரிக்கா போனாலும் உங்கள் மேல் விழுகிற சுமை குறையும். கூடவே சுவாகிலியோ பிரெஞ்சோ கற்கச் சொல்லுங்கள். ஆங்கிலத்தோடு மட்டும் வருகிறவர்கள் ஏற்கெனவே நிறைய.

இன்னொன்று, அவள் போகும் இடத்தில் இந்தியர் என்பதாலேயே சில கேள்விகள் வரும். லெகோனில் இருக்கிற கானா பல்கலைக்கழகத்தில் 2016இல் காந்தி சிலை வைத்தார்கள். தென்னாப்பிரிக்காவில் இளம் வயதில் அவர் கறுப்பினத்தவரைப் பற்றி எழுதியவற்றைக் காட்டிப் பேராசிரியர்கள் எதிர்த்தார்கள். 2018 டிசம்பரில் சிலை எடுக்கப்பட்டது. கோபப்படாமல், பூசி மெழுகாமல் இதைப் பற்றி ஒரு பக்கம் எழுத அவளால் முடிந்தால், நேர்முகத் தேர்வைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

ஆய்வுக்கு என்ன தலைப்பு எடுப்பது என்று அவள் குழம்பிப்போயிருக்கிறாள். உங்கள் கடையிலேயே ஒன்று இருக்கிறது. தூத்துக்குடித் துறைமுகத்தில் மூட்டை மூட்டையாக இறங்குகிற முந்திரிக்கொட்டை எங்கிருந்து வருகிறது? ஐவரி கோஸ்ட், கானா, தான்சானியா. விளைவிப்பது அவர்கள், உடைத்துத் தோலெடுத்துத் தரம் பிரித்து விலை ஏற்றுவது நாமும் வியட்நாமும். கொட்டையாக அனுப்பாமல் அங்கேயே உடைக்க வேண்டும் என்று அந்த அரசுகள் சட்டமும் வரியும் போட்டுப் பார்க்கின்றன. அப்படி நடந்தால் இங்கே முந்திரி உடைக்கிற பெண்களின் கூலி என்னாகும்? இரண்டு பக்கமும் ஏழைகள் இருக்கும்போது நியாயம் என்பது எது? கொள்முதல் விலை விவரம் அப்பாவிடமே கேட்டு வாங்கலாம்.

இதை நான்கு பக்கம் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். தமிழிலேயே எழுதட்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை சாத்தின பிறகு, மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள். அதுவரை அந்த முகவர் கேட்ட முன்பணத்தைக் கட்ட வேண்டாம்.