குற்றவாளியை வைத்து ஊழலைப் பிடிக்கலாமா? கேள்வி பதில்

கோலாலம்பூர் நீதிமன்றங்களில் லஞ்ச வழக்குகளில் வாதாடி வருகிறேன். வந்த கேள்விகளில் சில.

மோசடிக்காரன் பேச்சை நம்பி ஒரு அரசியல்வாதியை உள்ளே தள்ளலாமா, சார்?

பேச்சை மட்டும் நம்பி என்றால் எனக்குச் சம்மதமில்லை. அமெரிக்காவில் அரசியல்வாதிகளின் லஞ்சத்தைப் பிடிக்க நடந்த ‘ஆப்ஸ்கேம்’ நடவடிக்கையில் எஃப்பிஐ (மத்தியப் புலனாய்வு அமைப்பு) அப்படிச் செய்யவில்லை. மெல்வின் வெயின்பெர்க் என்ற தண்டனை பெற்ற மோசடிக்காரரை வைத்து, போலி அரபு ஷேக்கின் பேரில் வலை விரித்தார்கள். ஒரு செனட்டர், ஆறு கீழவை உறுப்பினர்கள் தண்டிக்கப்பட்டார்கள். கீழவை உறுப்பினர் ரிச்சர்ட் கெல்லி 25,000 டாலரைப் பாக்கெட்டுகளில் திணித்துக்கொண்டு, “வெளியே தெரிகிறதா?” என்று கேட்டது வீடியோவில் இருக்கிறது. செனட்டர் லேரி பிரெஸ்லர் பணம் வாங்க மறுத்ததும் பதிவில் இருக்கிறது. ஆசை காட்டினால் எல்லாரும் விழுவதில்லை.

அது தூண்டிவிட்ட குற்றம்தானே, அண்ணா?

கெல்லி விஷயத்தில் ஒரு நீதிபதி அப்படித்தான் சொல்லித் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் தண்டனை திரும்பி வந்தது. நம் ஊரில் 2009 ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம், பிரிவு 52-ஐப் படித்துப் பாருங்கள். ஆதாரம் திரட்ட மட்டுமே வலை விரித்தவரை அந்தக் காரணத்துக்காக நம்பத்தகாதவர் என்று ஒதுக்கக் கூடாது. வேறு ஆதாரம் துணை நிற்காவிட்டாலும் அவர் சாட்சியத்தை வைத்துத் தண்டிக்கலாம். இது மிகப் பெரிய அதிகாரம். அதனால்தான் ஒலிப்பதிவை முழுசாகக் கேட்காமல் நான் விடுவதில்லை.

ஒரு வழக்கில் புகார்தாரரும் அதிகாரியும் மாமாக் உணவுக்கடையில் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) குடித்தபடி முதலில் பேசியது பதிவாகவே இல்லை. காருக்குள் ஏறிய பிறகுதான் கருவி ஓடியது. “எவ்வளவு?” என்று முதலில் கேட்டது யார்? வழக்கே அந்த ஒரு கேள்விதான். அதற்கான விடை கடை மேசையோடு போய்விட்டது. இன்றும் அது என்னை உறுத்துகிறது.

லஞ்சம் கொடுத்தவன் காட்டிக்கொடுத்தால் தப்பிக்கலாமா?

தானாகத் தப்ப முடியாது. 2010 தகவல் அளிப்போர் பாதுகாப்புச் சட்டத்தில், தவற்றில் தானும் பங்கெடுத்தவரின் பாதுகாப்பை ரத்து செய்ய இடமிருக்கிறது. 2025-இல் சபா மாநிலச் சுரங்க உரிம விவகாரத்தில் வீடியோக்களை வெளியிட்ட தொழிலதிபர் மீதே லஞ்சம் கொடுத்ததாகக் குற்றச்சாட்டு வந்தது.

என்னிடம் ஒருவர் 500 வெள்ளி (ரிங்கிட்) லஞ்சம் கேட்கிறார். நானே போனில் பதிவு செய்து பிடிக்கட்டுமா?

வேண்டாம், தம்பி. முதலில் புகார் கொடுங்கள். லஞ்சம் கேட்டதைத் தெரிவிக்காமல் இருப்பதே ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம், பிரிவு 25-இன்படி குற்றம். வலையை அதிகாரிகள் விரிக்கட்டும். பணத்தாளின் எண்களைக் குறித்துக்கொள்வதும் அவர்கள் வேலை. நீங்கள் தொகையைப் பற்றி முதலில் வாய் திறக்காதீர்கள். அவர் சொல்லட்டும்.